கரிக்கொம்பனின் ஏழாவது சக்தி

ஐயா, கரிக்கொம்பனுக்கு மொத்தம் முப்பத்தொரு சக்திகள்தான். நேற்று எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்த உங்கள் காவலர் நாற்பது என்றார். சின்ன வயதில் விடாமல் படித்தாராம். பார்வையாலேயே இரும்பை உருக்குவான் இல்லையா என்று கேட்டார். அது வேறொரு பத்திரிகையில் வந்த வேறொரு பையன். கரிக்கொம்பன் நெருப்பைத் தின்பான், இரும்பை உருக்க மாட்டான். இந்த மாதிரிக் குழப்பங்களைத் தீர்த்து வைப்பதிலேயே என் பத்தொன்பது வருடம் போய்விட்டது. நேற்றும் தீர்த்து வைத்தேன். அலுப்பாகத்தான் இருந்தது.

நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். கோடு போடாத தாள் கொடுத்திருக்கிறீர்கள். பரவாயில்லை, படக்கதையில் வசனம் வரும் பலூன்களுக்குள் எழுதிப் பழகிய கை, கோடு இல்லாமலே நேராக வரும்.

அவனைப் படிக்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன். கரிக்கொம்பன் ஒரு பேய்க்குட்டி. வயது பதினொன்று. பொய் சொல்ல வராத காரணத்தால் நரகத்திலிருந்து விரட்டிவிடப்பட்டவன். தலையில் இரண்டு கறுப்புக் கொம்பு, பின்னால் ஒரு வால், காலில் எப்போதும் ஜோடி சேராத செருப்பு. எங்கள் சிறுவர் பத்திரிகையில் வாரா வாரம் நான்கு பக்கம் வருவான். கதையும் வசனமும் நான். படம் என் மச்சான், அதாவது என் அக்காவின் கணவர். மூன்றாவது மாடியில் ஒரே அறை, எதிரெதிராக இரண்டு மேசை, பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்த ஒரு ஜன்னல். கீழே அச்சு இயந்திரம் ஓட ஆரம்பித்தால் எங்கள் மேசையில் பென்சில் உருளும்.

எங்களிடம் ஒரு நோட்டு உண்டு. அவனால் என்னென்ன முடியும் என்பது அதில் இருக்கும். அதற்கு இரண்டே விதி. நோட்டில் இல்லாததை அவன் செய்யக் கூடாது. நோட்டில் ஏறிவிட்டதை யாரும் அடிக்கக் கூடாது. வாசகப் பிள்ளைகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. சாவித் துவாரம் வழியாகப் புகையாக நுழையத் தெரிந்தவன் போன வாரம் ஏன் கதவைத் தட்டினான் என்று கேட்டு முப்பது கடிதம் வரும். எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் எழுதுவேன். பதினெட்டாவது சக்தி எங்கள் பத்திரிகை ஆசிரியரின் மகன் ஆசைப்பட்டதால் வந்தது. வாலால் சைக்கிள் ஓட்டுவான். அதை எப்படி வரைவது என்று மச்சான் தலையைப் பிய்த்துக்கொண்டார். ஒரே ஒரு தடவை ஓட்டினான், அதோடு சரி. ஆனாலும் நோட்டில் இருக்கிறது. நான் அடிக்கவில்லை.

முதல் சக்தி பற்றி மட்டும் நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் யாராவது பொய் சொன்னால் கரிக்கொம்பனுடைய கொம்பு சிவந்துவிடும். எங்கள் பத்திரிகை கறுப்பு, சிவப்பு என்று இரண்டே மையில் அச்சாவது. சிவப்பை மச்சான் வேறு எதற்கும் தொட மாட்டார், கொம்புக்கு மட்டும்தான். அதனால் எங்கள் வேலைக்கு ஒரு வரிசை இருந்தது. நான் எழுதிக் கொடுத்த கதைக்கு முதலில் அவர் படம் போட்டுப் பலூன்களைக் காலியாக விடுவார். நான் வசனம் எழுதுவேன். அதை அவர் படித்துப் பார்ப்பார். அதில் பொய் இருந்தால் தூரிகையை எடுத்துக் கொம்புக்குச் சிவப்பு வைப்பார். இல்லையென்றால் கறுப்பாகவே கீழே அச்சுக்குப் போகும். கடைசியாகப் பக்கத்தைத் தொடுவது எப்போதும் அவர் கைதான்.

முதல் ஏழு சக்திகளை எழுதியது நானும் இல்லை, மச்சானும் இல்லை. வாண்டு எழுதினான். அக்காவுக்கும் மச்சானுக்கும் ஒரே பிள்ளை. வீட்டில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எல்லாருக்கும் வாண்டுதான். தலைமுடி இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி நிற்கும், எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் படியாது. கரிக்கொம்பன் என்பதே அவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது, வேலை வெட்டி இல்லாமல் அக்கா வீட்டில் இருந்தேன். அவனுக்கு வாய்க்கு வந்தபடி கதை விடுவதுதான் என் முழுநேர வேலை. "உன் பக்கத்துல நின்னா கரிக்கொம்பனுக்கு எப்பவுமே கொம்பு செவப்புதான் மாமா" என்பான். அந்த முதல் சக்தியே என்னை மனதில் வைத்து எழுதியதுதான். எனக்கு அவன் மேல் கொள்ளைப் பிரியம். இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும், இனி வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஏழாவது சக்தி, அவன் தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருப்பான் என்பது. அது வாண்டுவின் கையெழுத்தில் இருந்தாலும் சொன்னவன் நான். ஒரு விடுமுறை நாளில் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, கரிக்கொம்பனுக்கு வேறு என்ன மாமா முடியும் என்று நச்சரித்துக்கொண்டே வந்தான். ஊருக்கு வெளியே இருந்த பழைய கல்குவாரிக் குட்டைக்குக் குளிக்கப் போய்க்கொண்டிருந்தோம். தண்ணீர் கண்ணில் பட்டதும் அது வாயில் வந்துவிட்டது. அவனுக்கு ஒரே சந்தோஷம். பாறையில் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்து எழுதினான். எழுதி முடித்து நோட்டை ஸ்கூட்டர் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தான்.

"மாமா, நீ எண்ணு. நானா மேல வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. நடுவுல குதிச்சேன்னா சக்தி போயிடும்."

வாண்டு எப்படி மூழ்கினான் என்று அன்றிலிருந்து என்னைக் கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒரே பதில்தான் சொன்னேன். துண்டு எடுக்க ஸ்கூட்டருக்குப் போயிருந்தேன், திரும்பிப் பார்த்தால் பிள்ளையைக் காணவில்லை, உடனே குதித்தேன். கல் ஏற்ற வந்த லாரிக்காரரும் நான் குதித்ததைப் பார்த்ததாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் வந்தபோதுதான் நான் குதித்தேன். ஈரத் துணியோடு அக்காவின் முன்னால் நின்றபோது, உன்னால் ஆனதை நீ செஞ்சேடா என்று அவளே என் தலையைத் துவட்டிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து மச்சான் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியரைப் பார்க்கப் போனார். அதுவரை அவர் மருந்து டப்பாக்களுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தவர். என்னையும் கூடவே அழைத்துப் போனார். "நீதான் அவன்கூடவே இருந்தே மாப்ள, அவன் எப்படிப் பேசுவான்னு உனக்குத்தான் தெரியும், நீயே எழுது" என்றார். அப்படி ஆரம்பித்ததுதான். பத்தொன்பது வருடம் ஒரு வாரம்கூட அவனுக்குப் பன்னிரண்டு வயது ஆகவில்லை. எங்களுக்குத்தான் ஆனது. மச்சானுக்கு மூச்சிரைப்பு வந்தது. எனக்குக் கண்ணாடி வந்தது. கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால், எனக்கு எங்கே நேரம் என்பேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஆசிரியர் எங்களைக் கூப்பிட்டு, பத்திரிகையை நிறுத்தப் போவதாகச் சொன்னார். பிள்ளைகள் இப்போது படிப்பதில்லை. கடைசி இதழில் கரிக்கொம்பன் கதையை நல்லபடியாக முடித்துவிடுங்கள், பழைய கதைகளில் தேர்ந்தெடுத்து ஒரு தொகுப்பும் போடுவோம் என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. மாடிப்படி ஏறவே முடியவில்லை ஐயா, முட்டி விட்டுப்போய்விட்டது.

தொகுப்புக்காக மச்சான் பத்தொன்பது வருடத்துப் பழைய இதழ்களைக் கட்டுக் கட்டாகப் பரணிலிருந்து இறக்கினார். அறை முழுக்கத் தூசி. அவருக்கு ஆகாது என்று அக்கா தலைபாடாக அடித்துக்கொண்டாள், கேட்கவில்லை. தண்ணீர்க் கதைகளை ஒரு பக்கம், நெருப்புக் கதைகளை ஒரு பக்கம் என்று தரையில் பரப்பி வைத்தார். தண்ணீர்க் கதைகள் ஐந்து. அவற்றை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனவர் ஒரு இடத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

"மாப்ள, இங்க வா. அஞ்சு கதையிலயும் இவன் தண்ணிக்குள்ள இருக்கும்போது கரையில யாரோ எண்றாங்க. அஞ்சுலயும் இருநூத்திப் பதினாலுல எண்றதை நிறுத்தறாங்க. ஏன்?"

நான் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. முதல் கதையில் எண்ணுவது ஒரு மீனவர், இரண்டாவதில் ஒரு வாத்தியார், இப்படி ஆள் மாறியிருக்கிறது, எண் மாறவில்லை. ஐந்து கதைகளுக்கும் நடுவில் வருடக்கணக்கில் இடைவெளி. யோசித்து எழுதியதில்லை, கை அதுவாக எழுதியிருக்கிறது. ஒரு தடவை எழுதியதை மாற்றாமல் காப்பாற்றுவதுதான் என் தொழில். அந்தத் தொழில் புத்தி என்னைக் கேட்காமலே அதையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. இத்தனை கடிதம் போட்ட பிள்ளைகளில் ஒருவர்கூட இதைக் கண்டுபிடிக்கவில்லை.

மச்சான் அந்த ஐந்து இதழ்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு, "அன்னிக்கு நீ எண்ணிக்கிட்டு இருந்தியா?" என்று கேட்டார்.

"துண்டு எடுக்கப் போயிருந்தேன் மச்சான். அப்பவே சொன்னேனே" என்றேன்.

தலையை ஆட்டினார். அவர் கத்தியிருக்கலாம், சட்டையைப் பிடித்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் இன்று நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். மறுநாளிலிருந்து அவர் என்னோடு எப்போதும்போலப் பேசிக்கொண்டு கடைசிப் பக்கத்தை வரைய ஆரம்பித்தார். கதையை நான் எழுதிக் கொடுப்பதற்கு முன்பே அவர் வரைந்தது அந்த ஒரு பக்கத்தைத்தான்.

இரண்டே கட்டம். மேல் கட்டத்தில் கரிக்கொம்பன் தண்ணீருக்குள் இருக்கிறான். வாய் திறந்திருக்கிறது, குமிழிகள் போகின்றன, கை மேலே பார்த்து நீண்டிருக்கிறது. அவனால் முடியவில்லை என்று பார்த்ததுமே தெரியும். கீழ்க் கட்டத்தில் குவாரிக் கரையில் ஓர் ஆள் நமக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் ஸ்கூட்டர் இல்லை, துண்டு இல்லை. அவனுக்குப் பின்னால் கரிக்கொம்பன் சொட்டச் சொட்ட நனைந்து நிற்கிறான். அந்த ஆளின் தலைக்கு மேல் காலியாக ஒரு பலூன். கட்டத்தில் பாதியை அடைத்திருந்தது. மச்சான் எனக்கு அவ்வளவு பெரிய பலூன் ஒருநாளும் விட்டதில்லை.

"இதுல நீ எழுது மாப்ள" என்றார். "எனக்குக் கோபம் இல்ல. சத்தியமா இல்ல. எம்புள்ள எப்படிப் போனான்னு தெரியாமலே பத்தொம்பது வருஷமா அவனை வரைஞ்சுட்டேன். தெரிஞ்சா போதும். நீ எழுது, அதைப் படிச்சுட்டு கொம்புக்குச் செவப்பு வைக்கறதா வேணாமான்னு பாக்கறேன்."

ஐயா, இந்த இடத்தில் நீங்கள் என் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். ஏழாவது சக்தி நோட்டில் இருக்கிறது. தண்ணீருக்குள் அவன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருப்பான். ஏறிவிட்டதை அடிக்கக் கூடாது என்பது விதி. அந்தச் சக்தி இருக்கிறவரை கரையில் உட்கார்ந்து எண்ணுகிறவன் மேல் எந்தத் தப்பும் இல்லை, சொன்ன வேலையைச் செய்தான், அவ்வளவுதான். பத்தொன்பது வருடமாக நான் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய பிள்ளையை மச்சான் ஒரே பக்கத்தில் மூழ்கடிக்கப் பார்த்தார். பெற்றவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் யாராவது குறுக்கே நிற்க வேண்டியிருந்தது. எனக்கு எதிலும் குறுக்கே நிற்கத் தெம்பு இல்லாத வயது. இருந்தாலும் நின்றேன்.

குவாரியில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். அதற்கு முந்தின வாரம் இதே மாதிரி எண்ணச் சொல்லிவிட்டுப் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, நான் பதறுவதைப் பார்த்துச் சிரித்தான் வாண்டு. அதனால் அறுபது வரைக்கும் எனக்குக் கவலை இல்லை. அறுபதுக்கு மேல் பயம் பிடித்தது. நூறைத் தாண்டியதும் அந்தப் பயம் போய்விட்டது. ஒருவேளை முடியும்போல இருக்கிறதே என்று தோன்ற ஆரம்பித்தது. நான் வாய்க்கு வந்தபடி சொன்ன ஒன்று பலிக்கிறது, அதைக் கெடுக்கக் கூடாது என்று இருந்தது. இருநூற்றுப் பதினாலில் லாரிச் சத்தம் கேட்டது. யாரோ பார்க்கப் போகிறார்கள் என்றதும் குதித்தேன்.

இந்த மாத முதல் வியாழக்கிழமை மத்தியானம் நடந்தது உங்களுக்கு ஓரளவு தெரியும். தூசியால் மச்சானுக்கு ஒரு வாரமாகவே இழுப்பு. மூச்சுக்கு அடிக்கிற இன்ஹேலரை அவர் மேசையில் தூரிகைக் குவளைக்குள் போட்டு வைத்திருப்பார். பையில் இருந்த இன்னொன்று காலியாகிவிட்டது, புதுசு வாங்கிக் கொடுத்துடுடா என்று அக்கா திங்கட்கிழமையே என்னிடம் சொல்லியிருந்தாள். வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தேன். வியாழக்கிழமை அவர் கை கழுவப் போனபோது குவளையில் இருந்ததை எடுத்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மற்றவர்கள் சாப்பிடக் கீழே போயிருந்தார்கள். அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

மச்சான் திரும்பி வந்து சிவப்பு மைப் புட்டியைத் தேடிக் கட்டுகளுக்கு நடுவே குனிந்தார். அப்போது இருமல் பிடித்துக்கொண்டது. குவளையைத் துழாவினார், பிறகு மேசை அறைகளை, பிறகு பையை. "மாப்ள, மருந்து" என்றார். நான் வேறொரு பக்கத்துக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன், தொடர்ந்து எழுதினேன். கதவுப் பக்கம் வந்தார். என் நாற்காலி எப்போதுமே கதவை ஒட்டித்தான் இருக்கும். அன்று நான் அதை நகர்த்தவில்லை. என் தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், பலம் இல்லை. அப்போதுதான் என் சட்டைப் பை அவர் கண்ணில் பட்டது. மெல்லிய துணி, உள்ளே இருப்பது தெரியும். தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பழைய இதழ்க் கட்டின் மேல் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த வாக்கிலேயே சாய்ந்தார்.

நான் எண்ணினேன், பழக்க தோஷம். இருநூற்றுப் பதினாலைத் தாண்டியது. அறுநூற்றுச் சொச்சத்தில் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பிறகு அந்தப் பலூனில் எழுதினேன். நீங்களே பார்க்கலாம், எழுத்து நேராக இருக்கிறது. மை காயும் வரை காத்திருந்து பக்கத்தை நானே கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். அச்சுக்காரர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கொம்புக்குச் செவப்பு இல்லையாண்ணே?" என்று கேட்டார்.

"இல்லப்பா. இதுல யாரும் பொய் சொல்லல" என்றேன்.

மேலே வந்து, அதற்குப் பிறகுதான் சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டேன்.

அக்கா வந்ததும் அழுதுகொண்டே என் மேல்தான் சாய்ந்தாள். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள். சாய்ந்தவள் நெஞ்சில் அது இடித்திருக்கிறது. என் பைக்குள் கையை விட்டு எடுத்துப் பார்த்தாள். அதைத் திரும்பக் குவளையில் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முப்பத்தொரு சக்தியில் ஒன்று பிசகாமல் பார்த்துக்கொண்டவன் இதைக் கோட்டைவிட்டேன். "இது ஏன்டா உங்கிட்ட இருக்கு?" என்றாள்.

ஆக, மச்சானைக் கொன்றது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. வாண்டுவின் விஷயத்தையும் சேர்த்து எழுதச் சொன்னது நீங்கள், அதனால் எழுதினேன். ஆனால் அதில் என் மேல் ஒன்றும் இல்லை என்பதற்கு என்னிடம் அத்தாட்சி இருக்கிறது. கடைசி இதழ் போன வாரம் வெளிவந்துவிட்டது, உங்கள் மேசை மேலேயே ஒன்று கிடக்கிறது. கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். கரையில் இருக்கிற ஆள், "நான் துண்டு எடுக்கப் போயிருந்தேன்" என்று சொல்கிறான். கரிக்கொம்பன் அவனுக்கு நேர் பின்னால் நிற்கிறான், நன்றாகக் காதில் விழுகிற தூரம்தான்.

கொம்பைப் பாருங்கள் ஐயா. கறுப்பாகத்தான் இருக்கிறது.